ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

தம்பி,

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான்கு தடவை கேட்டேன். முதல் தடவை, காதில் சரியாக விழவில்லையோ என்ற சந்தேகத்தில். மிச்சம் மூன்று தடவை, சரியாகத்தான் விழுந்தது என்று தெரிந்த பிறகு. "அப்பா, ஞானஸ்நானத்தன்னைக்கு மட்டும் அம்மா மாஸ்க் போட வேணாம்ப்பா. போட்டோ, வீடியோ எல்லாம் சொல்லியிருக்கு. பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டு மாஸ்க்கோட உக்காந்திருந்தா ஒரு மாதிரி இருக்கும். ரீனா வீட்டுல யாராவது கேட்டா தைராய்டுன்னு சொல்லிக்கலாம், முன்னாடி சொன்ன மாதிரியே." கூடவே கும்பிடு போடுகிற மஞ்சள் கை ஒன்று. சாப்பிட உட்கார்ந்திருந்தவன் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டேன். இது கோபம் இல்லை. கோபம் வந்தால் எனக்கு இரண்டு இட்லி கூடுதலாக உள்ளே போகும், உனக்கே தெரியும். இது குமட்டல்.

போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பெங்களூருக்குக் கூரியர் இரண்டு நாளில் வந்துவிடும், நீங்கள் கிளம்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. உன் மேல் மட்டும் குமட்டியிருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு முடித்திருப்பேன். "முன்னாடி சொன்ன மாதிரியே" என்றாய் பார், அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முன்னால் அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். உன் கல்யாணத்தில் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் "தைராய்டு, தைராய்டு" என்று சொன்னது இந்த வாய்தான். அதைவிடக் கேவலமான ஒன்றையும் அந்தக் கல்யாணத்துக்காகச் செய்தேன். அது உனக்குத் தெரியாது. இதில் அதைச் சொல்லப்போகிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், ஆனால் முழுக்கப் படி.

அம்மாவின் நோய் உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது நீ புது வேலையில் இருந்தாய். அவளுக்கு முதலில் மூக்குதான் அடைத்தது. காலையில் சிந்தினால் ரத்தமும் பொருக்குமாக வரும். சைனஸ் என்றார்கள். பிறகு காது அடைத்தது. அதற்கு ஒரு டாக்டர். பிறகு மூட்டுவலி, அதற்கு இன்னொருவர். பிறகு விடாத இருமல். அப்போது ஒருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, டி.பி.யாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார். அந்தப் படத்தை நான் வீட்டு ஜன்னலில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "ஆமா, டி.பி. மாதிரிதான் இருக்கு" என்று உன் அம்மாவிடம் பெரிய மனுஷன் போலச் சொன்னேன். முப்பத்துமூன்று வருஷம் பேக்டரியில் வெல்டிங் எக்ஸ்ரே பார்த்தவன் இல்லையா, மனுஷ நெஞ்சும் இரும்புக் குழாயும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். இரண்டு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டாள். ஒரு நாள் காலில் சிவப்புப் புள்ளி புள்ளியாக வந்தது. அதே வாரம் சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனது. அப்புறம்தான் யாரோ ஸ்ரீரங்கத்தில் இருக்கிற ஒரு டாக்டரம்மாவைச் சொல்ல, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த அம்மாதான் முதல் தடவையாக உன் அம்மாவின் மூக்கு, காது, மூட்டு, நெஞ்சு, கால், சிறுநீர் எல்லாவற்றையும் ஒரே ஆளுக்கு உரியதாகப் பார்த்தவர். ரத்தப் பரிசோதனை, சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகு பெயரைச் சொன்னார். வாஸ்குலைட்டிஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி, உடம்பில் இருக்கிற ரத்தக்குழாய்களையே எதிரி என்று நினைத்துத் தாக்குவது. ரத்தக்குழாய் இல்லாத இடம் உடம்பில் இல்லை, அதனால்தான் ஒவ்வொரு இடமாகக் கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது. உன் அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, "எத்தனை நாள் டாக்டர்?" என்று கேட்டேன். அவர் என்னை அதட்டவில்லை.

"மருந்தே இல்லாத காலத்துல இது வந்தவங்க பெரும்பாலும் ஒரு வருஷத்தைத் தாண்டறதே கஷ்டம் சார். இப்ப அப்படி இல்ல. மருந்தை ஒழுங்கா எடுத்துக்கிட்டு வருஷக்கணக்கா நல்லா இருக்கறவங்க நிறைய பேரு. ஆனா முதல் வருஷம் கண்டம். நோயே ஆளைக் கொண்டுபோகலாம். நோயை அடக்க நாங்க குடுக்கற மருந்து உடம்போட காவலையும் சேத்து அடக்கும், அதனால ஒரு சாதாரண சளி நிமோனியாவாகியும் ஆளைக் கொண்டுபோகலாம். வயசு, கிட்னி எவ்வளவு கெட்டிருக்கு, நுரையீரல்ல ரத்தம் கசியுதா, இதெல்லாம் பாக்கணும். இவங்களுக்குக் கிட்னி தொட்டிருக்கு, ஆனா கைமீறிப் போகல. ஒண்ணே ஒண்ணு. ஸ்டீராய்டை நான் சொல்லாம ஒரு மாத்திரைகூடக் குறைக்கக் கூடாது. படிப்படியா நான்தான் இறக்குவேன்." நான் தலையாட்டினேன். பேக்டரியில் எழுதிக் கொடுத்த முறைப்படி வேலை செய்யாதவனை நான் கேட்டுக்கு வெளியே நிறுத்தியவன். இதில் தப்பு நடக்குமா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

மருந்து கேட்டது. ரத்தம் நின்றது, இருமல் நின்றது, சிறுநீரகம் மெல்லத் தேறியது. ஆனால் ஸ்டீராய்டு அவள் முகத்தைத் தூக்கிவிட்டது. கன்னம் இரண்டும் உப்பி, கண் உள்ளே போய், தாடைக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் ஆனது. உன் அத்தை, என் கூடப்பிறந்தவள், பார்க்க வந்தவள் ஆரஞ்சைக் கையில் கொடுத்த கையோடு கன்னத்தைக் கிள்ளி, "என்ன அண்ணி, நோயாளின்னு சொன்னாங்க, நல்லா சாப்பிட்டு ஊதியில்ல இருக்கீங்க" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். செத்துப் பிழைத்தவளின் கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கிறவர்கள் நம் சொந்தக்காரர்கள். நானும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைத் தேய்த்துக் கழுவத் தோன்றுகிறது. உன் அம்மா அன்றைக்கு நிலைக்கண்ணாடி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

அந்த நிலையில்தான் உனக்கு ரீனாவைப் பேசி முடித்தோம். அவள் அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி, நல்ல குடும்பம், கோயிலுக்குப் பக்கத்திலேயே வீடு. நோயைச் சொல்லலாமா என்று நீயும் நானும் பேசியது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. சொன்னால் பரம்பரை நோயா என்று கேட்பார்கள், ஒட்டுமா என்று கேட்பார்கள், சம்பந்தம் கலையும் என்று இருவரும் பயந்தோம். தைராய்டு என்று முடிவு பண்ணினோம். ஒரு நாள் ஸ்ரீரங்கத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு உன் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அம்மா பின் சீட்டில் கண்ணை மூடியிருந்தாள், அவளுக்குத்தான் காது மந்தமாயிற்றே. நீ ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னாய்: "கல்யாணத்துக்குள்ள அம்மா முகம் கொஞ்சம் இறங்கினா நல்லா இருக்கும்ப்பா. ஆல்பம் காலத்துக்கும் இருக்கப்போவுது." அவ்வளவுதான் நீ சொன்னது. நீ மறந்தே போயிருப்பாய். நான் மறக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மாவுக்கு வாரம் முழுக்க வேண்டிய மாத்திரைகளை ஏழு குழி டப்பாவில் போட்டு வைப்பது என் வேலை. ஸ்டீராய்டால் அவளுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது, மாத்திரையை விரலால் தடவி எண்ணித்தான் போட்டுக்கொள்வாள். அந்த ஞாயிறு கோயிலில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். சாமியார் உன் பெயரையும் ரீனா பெயரையும் இரண்டு குடும்பத்தின் பெயரையும் வாசித்துவிட்டு, வழக்கம்போல, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்ல வேண்டும் என்றார். சட்டப்படி நோய் ஒரு தடை இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குக் காது சுட்டது. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். காலைக்கு இரண்டு ஸ்டீராய்டு மாத்திரை. சவரப் பிளேடு எடுத்து ஒவ்வொரு நாள் குழியிலும் ஒரு மாத்திரையைப் பாதியாக வெட்டிப் போட்டேன். ஒன்று முழுசு, ஒன்று பாதி. எண்ணிக்கை இரண்டு. தடவிப் பார்த்தால் இரண்டுதான்.

இரண்டாம் ஓலை ஞாயிறு, இரண்டு பாதிகள். மூன்றாம் ஓலை ஞாயிறு, இரண்டு கால் துண்டுகள்; அதற்குப் பிறகும் அதே அளவுதான். ஒவ்வொரு வாரமும் சாமியார் அதே கேள்வியைக் கேட்டார், ஒவ்வொரு வாரமும் நான் முன் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் இருந்து எழுந்துபோய், பாவத்தோடு வாங்கக் கூடாத நன்மை அப்பத்தையும் வாங்கினேன், அதையும் எழுதிவிடுகிறேன். டாக்டர் இன்னும் மெதுவாக இறக்குவார், நான் கொஞ்சம் முன்னாலேயே இறக்குகிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அடுத்த டாக்டர் தேதியையும் கல்யாணத்துக்குப் பிறகு தள்ளி வைத்தேன். வெளியே பளபளவென்று இருக்கிற வெல்டை நம்பாதே, படத்தை எடுத்து உள்ளே பார் என்று முப்பத்துமூன்று வருஷம் சின்னப் பையன்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். என் வீட்டில் உள்ளே எது விரிசல் விட்டாலும் பரவாயில்லை, மேலே பாலிஷ் வந்தால் போதும் என்று இருந்தேன். அவள் முகம் இறங்கியது. மூன்றாவது ஞாயிறுக்குப் பிறகு இரண்டு வாரத்தில் தாடை தெரிந்தது.

கல்யாணத்தன்று எல்லோரும் சொன்னார்கள், "மாப்பிள்ளை அம்மா எவ்வளவு அழகா இருக்காங்க" என்று. வீடியோக்காரன் அவளைத் தனியாக நிறுத்தி, முகத்தைத் திருப்பச் சொல்லி, புடவைத் தலைப்பைப் பறக்கவிட்டு எடுத்தான். உன் அத்தை, "அண்ணி பழைய அண்ணியாயிட்டாங்க" என்றாள். அவள் உள்ளுக்குள் ரத்தக்குழாய்கள் மறுபடி வெந்துகொண்டிருந்தன, நாங்கள் எல்லோரும் அவள் தாடையைப் பாராட்டிக்கொண்டிருந்தோம். பதினோராவது நாள் நீங்கள் ஊட்டியில் இருந்தீர்கள். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவள் இருமினாள். டம்ளரில் ரத்தம். ஆம்புலன்ஸில் மூச்சு விட முடியாமல் என் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டே வந்தாள், அந்தப் பட்டன் அவள் கையோடு போய்விட்டது. இருபத்திரண்டு நாள் ஐ.சி.யூ. டயாலிசிஸ். நுரையீரலில் ரத்தக் கசிவு. ஆரம்பத்தில் டாக்டரம்மா எதையெல்லாம் ஆபத்து என்று சொன்னாரோ, அதெல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது.

டாக்டரம்மா ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "மாத்திரையெல்லாம் சரியா எடுத்தாங்களா சார்?" என்று கேட்டார். "ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர்" என்றேன். தினமும் இரண்டு துண்டு விழுங்கினாள்தானே, பொய் இல்லையே என்று அந்த நேரத்தில்கூட என் புத்தி வேலை செய்தது. அவர் ரொம்ப நேரம் யோசித்தார். முழு மருந்தையும் மீறி நோய் திரும்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பை வைத்துத்தான் அடுத்த மருந்தை முடிவு பண்ணினார். உயிருக்குப் போராடுகிறவளுக்கு மருந்து எழுதுகிற கையைப் பிடித்து நான் தப்பான வழிக்குத் திருப்பினேன். உனக்குப் போனில் "நோய் திரும்பிருச்சுப்பா, நம்ம கையில என்ன இருக்கு" என்றேன். நீயும் அழுதாய். இரண்டு வருஷமாக நீ அதையேதான் நம்பிக்கொண்டிருக்கிறாய். நோய் தானாகத் திரும்பவில்லை தம்பி. நான் பிளேடு வைத்து வெட்டிக் கூப்பிட்டு வந்தேன்.

அவள் பிழைத்தாள். சிறுநீரகம் பாதிதான் திரும்பக் கிடைத்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊசி ஏற்றுகிறார்கள். அது நோயைக் கட்டிப்போட்டிருக்கிறது, கூடவே அவளுடைய எதிர்ப்புச் சக்தியையும் கட்டிப்போட்டிருக்கிறது. உன் வீட்டுக்கு வருகிறவனுக்கு இரண்டு தும்மலோடு போகிற சளி, அவளை மறுபடி அதே கட்டிலில் படுக்க வைக்கும், இந்தத் தடவை எழுந்து வருவாள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாஸ்க் அதற்குத்தான். ஞானஸ்நானத்துக்கு நீ கூப்பிட்டிருப்பது நூற்றைம்பது பேர். பாதிப் பேர் கட்டிப்பிடிப்பார்கள், உன் அத்தை கன்னத்தைக் கிள்ளுவாள். அதற்கு நடுவில் முகத்தைத் திறந்து வை என்கிறாய். நீ கேட்டது ஒரு சின்ன விஷயம் என்றுதான் நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒவ்வொரு ஞாயிறும்.

இன்று காலை உன் மாமியாருக்குப் போன் போட்டேன். நோயைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன், அதன் பெயரை இரண்டு தடவை சொன்னேன். அப்புறம் கேட்டார்கள், "பாப்பாவுக்கு வருமாங்க சம்பந்தி?" அதுதான் முதல் கேள்வி. ஒட்டாது, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பதும் இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "எங்ககிட்ட மறைச்சிட்டீங்களே" என்றார்கள். மறைத்தோம் என்றேன். உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே உன் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன், மனுஷர்கள் அப்படித்தான் கேட்பார்கள். கேட்டார்கள், பதில் சொன்னேன், போனை வைத்தேன், போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். இந்த மூன்று நிமிஷப் பேச்சுக்குப் பயந்துதான் உன் அம்மாவின் பாதிச் சிறுநீரகத்தைக் கொடுத்திருக்கிறோம். ரீனா உன்னிடம் கேட்பாள். அவளிடம் மழுப்பாதே. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் பிளேடு விஷயத்தையும் சொல்லப்போகிறேன், அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன்.

ஞானஸ்நானத்துக்கு அம்மா வருவாள். மாஸ்க்கோடு வருவாள். கோயிலில் பக்கவாட்டு வாசலருகே, காற்று வருகிற இடத்தில் உட்காருவாள். சாப்பாட்டுக்கு மண்டபத்துக்கு வரமாட்டாள். சளி, காய்ச்சல் இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும், உன் முதலாளியாக இருந்தாலும், அவள் பக்கத்தில் வரக் கூடாது, அதைச் சொல்லவேண்டியவன் நீ. இதில் ஒன்று உனக்கு முடியாது என்றாலும் எங்களை விட்டுவிடு, நீங்களே தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். கல்யாண ஆல்பத்தைப் பரணில் போட்டிருக்கிறேன். யாராவது அதைப் பிரித்து "அம்மா எவ்வளவு அழகு" என்று சொன்னால் என்னால் அந்த அறையில் நிற்க முடிவதில்லை.

இதுவரை எழுதிவிட்டு, பிளேடு விஷயத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு தாளில் எழுதி அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் யோக்கியதை அவ்வளவுதான். உன் அம்மா எதிரில் வந்து உட்கார்ந்து, "அவனுக்குத்தானே, படிங்க" என்றாள். அவள் முகம் இப்போது மறுபடி உருண்டையாகத்தான் இருக்கிறது. படித்தேன். ஓலை ஞாயிறு வந்ததும் தாளைக் கீழே வைத்தேன். அவளே பேசினாள்.

"வெட்டின மாத்திரை நாக்குல பட்டா கசக்கும்ங்க. முழு மாத்திரை அவ்வளவு கசக்காது. மூணு ஞாயித்துக்கிழமையும் மறுநாள்லேருந்து தினமும் கசந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

"கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கார்ல அவன் சொன்னதும் கேட்டுச்சு. கண்ணைத்தான் மூடியிருந்தேன். புள்ளைக்கும் புருஷனுக்கும் என் மூஞ்சி இப்படி இருக்கறது பிடிக்கலன்னு தெரிஞ்சப்புறம் என்னத்தக் கேக்கறது? எனக்கும் ஒரு நாளைக்கு அந்தப் பட்டுல நல்லா இருக்கணும்னு இருந்துச்சு. முழுங்கிட்டேன். நீங்களா ஒரு நாள் சொல்வீங்கன்னு ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்."

நான் தாளை மடித்தேன். கடைசியாக அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எதையும் எடுக்காதீங்க. மாத்திரையைத்தான் பாதிபாதியா குடுத்தீங்க, இதையாவது அவனுக்கு முழுசா குடுங்க."

முழுசாக அனுப்புகிறேன்.

அப்பா